அணைந்ததும் அணைக்கப்பட்டதும்

மூத்தவள் தன் வீட்டுக்காரரின் வாக்குமூலத்தை வாசிக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே! மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி, தாளை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சொல்லுக்குச் சொல் ஆணி அடித்து வாசிப்பாள். பதினெட்டு வருஷமாக வக்கீல் ஆபீசில் தட்டச்சு வேலை. அவள் கைக்கு வந்த எந்த வாக்கியமும் நிமிர்ந்து நடந்ததில்லை. எல்லாம் ‘பட்டது’, ‘படும்’ என்று முட்டி போட்டுத்தான் போகும். அவள் வீட்டில் காப்பியைக்கூட யாரும் குடிப்பதில்லை, அது அருந்தப்படும்.

“மாலை சுமார் ஏழரை மணியளவில், நான் எனது வீட்டின் பின்புறப் படிகளில் ஏறிக்கொண்டிருந்த சமயம், படி விளக்கு என் தம்பி மனைவியால் திடீரென அணைக்கப்பட்டது. அதன் காரணமாக நிலை தடுமாறி விழ நேர்ந்து, எனது இடது கால் இழக்கப்பட்டது.”

வாசித்து முடித்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்த இளையவளைப் பார்த்தாள். அது பார்வையா, கொதிக்கிற எண்ணெயா!

இளையவள் என்றால் அவளுடைய ஓரகத்தி. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அப்பா விட்டுப்போனது ஒரே வீடு. கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம், அதற்கு மேலே மொட்டை மாடி பொது. பொதுவாக ஒரு பொருளை விட்டுப்போகிற அப்பாக்கள் செத்தும் கெடுத்தவர்கள்தான். அந்த மாடிக்காக ஒன்பது வருஷமாக இரண்டு பெண்களும் போட்ட சண்டையில் தெருவே வேடிக்கை பார்த்துக் களைத்துப்போயிருந்தது.

விழுந்தவர் மூத்தவளின் வீட்டுக்காரர். பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டி, ஒரு நாய்க்குட்டியைக்கூட இடிக்காத மனிதர். அன்றைக்குப் பின்பக்கப் படியிலிருந்து பக்கவாட்டில் சரிந்து, துணி துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்துவிட்டார். எலும்பு வெளியே வந்து, ரத்தக் குழாய் அறுந்து, மூன்றாம் நாள் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று. “இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா…” என்று பெரிய டாக்டர் ஆரம்பித்தவர், மூத்தவளின் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிக்கொண்டார். கிளட்ச் மிதிக்கிற கால். அதோடு அந்த மனிதரின் பிழைப்பும் போயிற்று.

“இதுல அவர் கையெழுத்துப் போட்டாச்சு,” என்றாள் மூத்தவள். “இனிமே மாடிப் பக்கம் போக மாட்டேன், இந்த மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்றேன்னு நீ எழுதிக் குடுக்கணும். இல்லன்னா இந்தத் தாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். என்ன சொல்றே, ராக்கெட்டு?”

ராக்கெட்டு என்பது அவள் வைத்த பெயர். சும்மா வைக்கவில்லை. இளையவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பொழுது சாய்ந்து இருட்டினதும் மாடிக்குப் போய், வானத்தில் நட்சத்திரம் போலவே சத்தமில்லாமல் ஊர்ந்து போகிற செயற்கைக்கோள்களைப் பார்ப்பாள். சும்மா பார்த்து ஆவென்று வாய் பிளக்கிற ஜாதி இல்லை. போவது எது, அதன் பெயர் என்ன, எந்த வருஷம் ஏவியது என்று கண்டுபிடித்தால்தான் இறங்கி வருவாள். புள்ளி எந்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே தாண்டுகிறது என்று பார்த்து, தாண்டுகிற கணத்தில் ஸ்டாப்வாட்ச்சை அமுக்க வேண்டும். சரியான நேரத்துக்கு ஒரு குட்டி ரேடியோ. அதில் வினாடிக்கு ஒருமுறை ‘டிக்’ என்று நேரம் சொல்லிக்கொண்டே இருக்கும். இடமும் நேரமும் கிடைத்துவிட்டால், உலகம் முழுக்க இதே பைத்தியம் பிடித்தவர்கள் சேர்ந்து வைத்திருக்கிற பட்டியலில் ஒப்பிட்டு ஆளைப் பிடித்துவிடலாம். எல்லாம் ஒரு நோட்டில் ஏறும்.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவள் வேலையே அதுதான். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், எடுத்த ரத்தத்துக்கு உடனே பெயரும் நேரமும் ஒட்ட வேண்டும். ஒட்டாத குழாய் யாருடையதாக இருந்தாலும் குப்பைத் தொட்டிக்குத்தான். பெயர் தெரியாத ஒன்று கண்ணெதிரே போவதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது.

“நான் ஏழேகாலுக்கே இறங்கிட்டேன்,” என்றாள் இளையவள். “பாக்கிறப்போ விளக்கை அணைச்சு வெப்பேன், வாஸ்தவம். இறங்கும்போது என் வாசல்ல இருக்கிற ஸ்விட்சப் போட்டுட்டுத்தான் உள்ள போனேன். நீங்க அவரைக் கண்டது ஏழு நாப்பது. அப்போ விளக்கு எரிஞ்சுதா, இல்லையா? அதைச் சொல்லுங்க மொதல்ல.”

“எரிஞ்சுது. ஏன் எரிஞ்சுது? விழுந்த சத்தம் கேட்டு பயந்து போய் நீ போட்டே!”

“நான் ஏழேகாலுக்கு இறங்கினதுக்கு நோட்டு இருக்கு.”

“நோட்டா! அந்த நோட்டையும் பாத்தேன். அதுல மத்தியான நேரமா எழுதி வெச்சிருக்கே! மத்தியானத்துல நட்சத்திரம் பாத்தவ நீ ஒருத்திதான்.”

“நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னால ஓடற உலகப் பொது நேரம் அது!”

“உன் நேரம் உலகத்துக்குப் பொதுவா? அடேங்கப்பா!”

இளையவளின் புருஷன், லிஃப்ட் மெக்கானிக், இத்தனை நேரமும் தரையில் கிடந்த ஒரு ரப்பர் பேண்டை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் வேலையில் இருந்தான். ஒன்பது மணிக்கு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தவன். அவன் இப்போது வாயைத் திறந்தான்.

“அண்ணி, அண்ணன் விளக்குன்னா சொன்னான்? அவன் மயக்கத்துல பேசினதை நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். ‘போய்க்கிட்டே இருந்துச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு, திடீர்னு அணைஞ்சுது’ன்னுதானே பொலம்பினான்?”

“அணைஞ்சுதுன்னா என்ன அர்த்தம்? விளக்கு அணைக்கப்பட்டதுன்னு அர்த்தம்.”

இளையவள் துள்ளி எழுந்தாள். “விளக்கு எங்கேயாவது போய்க்கிட்டே இருக்குமா? செவுத்துல அடிச்ச விளக்கு நடந்தா போச்சு? அத்தான் பாத்தது விளக்கு இல்ல. மேல போன ஒண்ணு. அது பூமியோட நிழலுக்குள்ள போனா அப்படித்தான், பட்டுனு அணையும். யாரும் அணைக்க வேண்டாம், தானா அணையும்!”

மூத்தவளுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

“அது எதுன்னு நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன்,” என்றாள் இளையவள். வாய் அவளுக்கு முன்னால் ஓடியது. “எது, எத்தனை மணி, எத்தனை செகண்டுன்னு சொல்றேன். ஏழேகாலுக்கு அப்புறம்னா, விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நீங்க இந்தத் தாளைக் கிழிச்சு அடுப்புல போடணும்.”

“முன்னாடின்னா?”

“முன்னாடின்னா நீங்க சொன்ன எடத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன்.”

“இது வாய்ப்பேச்சுல விடறதில்ல,” என்று மூத்தவள் அதையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள். மாடியேறும்போது இளையவளின் புருஷன் முணுமுணுத்தான்: “சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிற ஆளை இன்னைக்குத்தான் நேர்ல பாக்கறேன்.”

அவளுக்கோ உள்ளுக்குள் குஷி. அன்றைய பட்டியல் அவளுக்கு மனப்பாடம். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்து, பாதி வழியில் அணைகிற மாதிரி அன்று சாயங்காலம் இரண்டே இரண்டுதான் போயின. ஒன்று ஆறு ஐம்பத்து மூன்று. அதை அவளே பார்த்து நோட்டில் ஏற்றியிருந்தாள். இன்னொன்று ஏழு முப்பத்தொன்று. அப்போது அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூத்தவளே ஏழரை என்று எழுதியிருக்கும்போது வேறென்ன வேண்டும்? ஏழரையைத் தாளில் ஏற்றியவளே அதில் மாட்டப் போகிறாள் என்று நினைத்து அன்று இளையவள் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் மத்தியானம், வேலை உடுப்பைக்கூட மாற்றாமல், மூத்தவள் ஆபீசிலிருந்து வருவதற்கு முன்பே தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே இருந்த எலும்பு முறிவு வார்டுக்குப் போய்விட்டாள். அத்தான் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் முழுசாகவும் மறுபக்கம் பாதியில் தட்டையாகவும் இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அத்தான், அன்னைக்கு விளக்கு அணைஞ்சுதா?”

“விளக்கா? விளக்கைப் பத்தி நான் எதுவும் சொல்லலையே. இருபது வருஷமா ஏறுற படி, விளக்கு எரியுதா இல்லையான்னு யாரு கவனிச்சா? மாடியில காயப் போட்ட யூனிஃபார்மை எடுக்கலாம்னு ஏறினேன். நிமிர்ந்தா, மேல ஒண்ணு போய்க்கிட்டு இருக்கு. ஏரோப்ளேன்னு நெனச்சேன், மினுக்கல. சத்தமும் இல்ல. அம்மாடி, என்னா பளபளப்பு! இதைத்தான் இந்தப் பொண்ணு தெனமும் பாக்குதான்னு நெனச்சுக்கிட்டே, அண்ணாந்தபடியே ஏறினேன். செவந்த மாதிரி ஆச்சு, அணைஞ்சுது. எங்க போச்சுன்னு எட்டிப் பாத்தேன். அவ்வளவுதான்.”

“அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டீங்களே?”

“ஊசி போட்டிருந்தாங்க. நீட்டினா, போட்டேன். அதுல என்ன எழுதியிருந்துச்சு?”

மூத்தவள் செய்ததில் சூதுகூட இல்லை என்று இளையவளுக்கு அப்போது புரிந்தது. ‘அணைஞ்சுது’ என்று ஒருவன் சொன்னால், அணைத்தது யார் என்று கேட்காமல் அவள் விரல் தட்டாது. ஆள் இல்லாத குற்றத்தை அவள் ஆபீசில் ஏற்றுக்கொள்வதில்லை. கைக்கு அருகில் இருந்த ஆள் இளையவள்.

“எங்க அணைஞ்சுது அத்தான்? தலைக்கு மேலயா?” தலைக்கு மேலே என்று சொல்லிவிட்டால் போதும். அவள் கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது. சொல்லுங்க அத்தான், தலைக்கு மேலே என்று சொல்லுங்க!

“தலைக்கு மேலயா? இல்லம்மா. தலையைத் தாண்டிக் கெழக்கால போயிருச்சு. பின் வீட்டுத் தண்ணித் தொட்டி இருக்கில்ல, அதுக்கு மேல ஒரு ரெண்டு முழம். அங்கதான்.”

“நல்லா ஞாபகம் இருக்கா?”

“காலைப் பறிகுடுத்துப் பாத்தது, மறக்குமா?”

இளையவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். பட்டியலே வேண்டாம், இது ஒன்றே போதும். சூரியன் விழுந்த பிறகு பூமியின் நிழல் கிழக்கிலிருந்து மெல்ல மேலே ஏறும். பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்துக்குள் போகிறவை கிழக்கே தாழ்வாகப் போய்த்தான் அணையும். நேரம் ஆக ஆக நிழல் உயரும். ஏழரைக்குப் போகிறவை உச்சியிலேயே அணைந்துவிடும். தொட்டிக்கு மேல் இரண்டு முழம் என்றால் அது ஏழு முப்பத்தொன்று இல்லை. அது ஆறு ஐம்பத்து மூன்று. அவள் மாடியில் நின்று, விளக்கை அணைத்துவிட்டு, தலை நிமிர்த்திப் பார்த்த அதே புள்ளி. அவள் மேலேயிருந்து பார்க்க, அவர் கீழேயிருந்து பார்த்திருக்கிறார்.

“விழுந்ததுக்கு அப்புறம்?” என்று கேட்டாள்.

“அரைகொறையா இருக்கு. கூப்பிட்டேன்னு நெனைக்கிறேன். குரல் வந்துச்சான்னு தெரியல. எங்கேயோ டிவி பாடுற மாதிரி இருந்துச்சு, கனவோ என்னவோ. அப்புறம் உங்க அக்கா அலறினது கேட்டுச்சு. நல்லவேளை, பத்து நிமிஷத்துல கண்டுட்டா.” அவர் சிரித்தார். “அது என்னன்னு கண்டுபிடிச்சு எனக்குச் சொல்லுவியா? பேரு தெரிஞ்சா ஒரு நிம்மதி.”

“நாளைக்கு வந்து சொல்றேன் அத்தான்,” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். திரும்பிப் போகும்போது பரிசோதனைக் கூடத்தில் நுழைந்து, அன்று ராத்திரி அவர் வந்து சேர்ந்தபோது எடுத்த ரத்தத்தின் முடிவை மறுபடி பார்த்தாள். விழுந்த மறுநாள் வேலைக்கு வந்தபோதே அவளுக்கு அந்த ஹீமோகுளோபின் எண் உறுத்தியிருந்தது. இத்தனை ரத்தம் பத்து நிமிஷத்தில் போகுமா என்று நினைத்தவள், வேலை மும்முரத்தில் விட்டுவிட்டாள். இது பத்து நிமிஷ ரத்தம் இல்லை, ஐம்பது நிமிஷ ரத்தம்.

ஐம்பது நிமிஷம் ஒரு மனிதர் கீழே கிடந்திருக்கிறார். அதில் முதல் இருபத்திரண்டு நிமிஷம் அவள் மேலேயே நின்றிருக்கிறாள். அப்படியும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? காதில் இயர்போன்! முன்பெல்லாம் ரேடியோவைக் கைப்பிடிச் சுவரில் வெளியே வைத்துத்தான் கேட்பாள். “இந்த டிக் டிக் என் மண்டைக்குள்ள உளி வெச்சு அடிக்குது” என்று மூத்தவள் கீழேயிருந்து கத்தி, அதற்கு ஒரு பெரிய சண்டை நடந்து, அதன் பிறகுதான் இயர்போன். ஒரு காதில் மாட்டினால் போதும். ஆனால் இரண்டிலும் மாட்டிக்கொண்டால் மூத்தவளின் குரல் அறவே கேட்காது என்று கண்டுபிடித்த நாளில் அவள் அடைந்த சந்தோஷம் இருக்கிறதே, அது எந்தக் கோளைக் கண்டுபிடித்தபோதும் வந்ததில்லை. ஏழேகாலுக்கு இறங்கி, விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து உள்ளே போகும்போதும் அது காதில்தான் இருந்தது. கீழே எட்டிப் பார்க்கவில்லை. கீழ் வீட்டுப் பக்கம் பார்க்கக் கூடாது என்பதுதான் ஒன்பது வருஷ வைராக்கியமாயிற்றே!

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்து, தணிந்த குரலில் பேசினான்.

“ஏழு முப்பத்தொண்ணுன்னே சொல்லிடு.”

“அது இல்லையே.”

“இல்லன்னு யாருக்குத் தெரியும்? இந்தத் தெருவுல, இந்த ஊர்ல, அந்த எழவை உன்னைத் தவிர யாருக்குப் படிக்கத் தெரியும்? அண்ணியே ஏழரைன்னு எழுதியாச்சு. நீயும் அதையே சொன்னா ரெண்டும் பொருந்திப் போயிடும். வீட்டை நாமளும் விட வேண்டாம். அண்ணனுக்குக் கால் திரும்பி வரப் போகுதா?”

அவன் சொன்னதில் ஒரு ஓட்டை இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கையெழுத்தில்தான் எழுதியிருந்தது: கிழக்கே, நிழலில் மறைந்தது, ஐம்பத்து மூன்று நிமிஷம், இருபத்திரண்டு வினாடி. அழித்து எழுத ஒரு நொடி போதும். ஒருவர் ரத்தத்தில் இன்னொருவர் பெயரை ஒட்டுவது போல. அப்படி ஒட்டின ஒருத்தியைக் கூடத்திலிருந்து துரத்தச் சொல்லி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவள் இவள்தான்.

“உன்னால முடியாதுல்ல,” என்றான் புருஷன், அவள் முகத்தைப் பார்த்து. “எனக்குத் தெரியும். நாசமாப் போ. நான் வாடகைக்கு வீடு பாக்கறேன்.”

மறுநாள் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் போனாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் மூத்தவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். மடியில் பை, பைக்குள் தாள். ஆபீஸ் வேலையை அரைநாள் விட்டுவிட்டு வந்திருக்கிறாள், தீர்ப்பைக் கேட்க.

“வாம்மா,” என்றார் அத்தான். “கண்டுபிடிச்சுட்டியா? பேரு என்ன?”

“அதுக்குப் பேருன்னு இல்ல அத்தான், நம்பர்தான். ஒரு பழைய ராக்கெட்டு. ஒரு கோளை மேல கொண்டு போய் விட்டுட்டு, வேலை முடிஞ்சு கழண்டு போன மேல்துண்டு. நாப்பது வருஷமா சுத்திக்கிட்டு இருக்கு.”

“ராக்கெட்டா!” அவர் பொண்டாட்டியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “நீ வெச்ச பேருதான்டி.”

மூத்தவள் சிரிக்கவில்லை. “நேரம்? நேரத்தைச் சொல்லு. அதுக்குத்தானே இவ்வளவு ஆட்டம்.”

இளையவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “ஆறு அம்பத்தி மூணு.”

மூத்தவளுக்குக் காதில் ஏறச் சற்று நேரம் பிடித்தது. ஏறியதும் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. “என்னது? ஏழேகாலுக்கு முன்னாடியா?”

“முன்னாடிதான். நான் மேல இருந்தேன். விளக்கை அணைச்சு வெச்சது நான்தான். காதுல இயர்போன் இருந்துச்சு, ரெண்டு காதுலயும். உங்க குரல் கேக்கக் கூடாதுன்னு மாட்டினது. அத்தான் விழுந்தது கேக்கல. கூப்பிட்டதும் கேக்கல. அவர் கீழ கெடக்கும்போதே இறங்கி வந்து உள்ள போய் துணி மடிச்சேன்.” அவள் அவர் பக்கம் திரும்பினாள். “அத்தான், என்னை மன்னிக்கணும்னு கேக்க மாட்டேன். மன்னிக்கிற விஷயமில்ல இது.”

“பாத்தீங்களா!” மூத்தவள் எழுந்தே நின்றுவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். “பாத்தீங்களா! நான் சொன்னா ஓரகத்திப் பொறாமைன்னு சொன்னீங்களே! அவ வாயாலயே வந்துருச்சு! விளக்கை அணைச்சுட்டு மேல நின்னு ஆகாசத்தைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா, நீங்க இங்க துடிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க! பத்து நிமிஷமா? கொலைகாரி! அம்பது நிமிஷம்! ஒரு மனுஷன் அம்பது நிமிஷம் கெடந்து கத்தினா காதுல விழாம…”

பையிலிருந்து தாளை இழுத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றி, ஏழரையை அடித்துவிட்டு ஆறு ஐம்பத்து மூன்று என்று தன் கையாலேயே எழுதினாள். எழுதி, வீட்டைக் காலி செய்வதாகத் தட்டச்சு செய்து வைத்திருந்த தாளையும் சேர்த்து இளையவளின் முன்னால் நீட்டினாள். “போடு கையெழுத்தை!”

இளையவள் பேனாவை வாங்கினாள். போட்டாள். ஒப்புக்கொண்டதுதானே, எழுத்து நேராகத்தான் விழுந்தது.

அத்தான் இருவரையும் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் நேர அட்டவணையில் வாழ்ந்த மனிதர். எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

“நீ அன்னைக்கு எந்த வண்டியில வந்தே?” என்று பொண்டாட்டியைக் கேட்டார்.

“எப்பவும் வர்ற வண்டிதான். ஏன்?”

“ஆறு நாப்பது. நம்ம நிறுத்தத்துல ஏழு மணி. வீட்டுக்கு ஏழு அஞ்சு.” அவர் நிதானமாகத்தான் கேட்டார். “ஏழு அஞ்சுல இருந்து ஏழு நாப்பது வரைக்கும் நீ வீட்டுலதான் இருந்தே.”

மூத்தவள் கையில் தாள் அப்படியே நின்றது.

“டிவி சத்தம் கனவில்ல, அப்ப,” என்றார் அவர். “பின்கதவுக்கும் எனக்கும் பத்தடி. கூப்பிட்டது உனக்குக் கேக்கலையா?”

“நீங்க டிப்போவுக்குப் போயிருக்கீங்கன்னு நெனச்சேன்…”

“அதைக் கேக்கல. கேட்டுச்சா, இல்லையா?”

வக்கீல் ஆபீசில் பதினெட்டு வருஷம். சாட்சிக் கூண்டில் எத்தனை பேர் வியர்த்து வழிவதை எழுதியிருப்பாள்! ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ‘கேட்கப்படவில்லை’ என்று முடித்திருக்கலாம். அவள் உட்கார்ந்தாள். உட்காரும்போது ஸ்டூல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

“கேட்டுச்சு,” என்றாள். “முனகுற மாதிரி. உருட்டுற மாதிரி. நீங்கன்னு சத்தியமாத் தெரியாதுங்க. இவதான் மாடியில எதையோ உருட்டுறா, என்னைச் சீண்டறதுக்குன்னே பண்றான்னு நெனச்சேன். ஆத்திரம் தாங்கல. டிவியைக் கூட்டி வெச்சேன். திரும்பக் கேட்டுச்சு. இன்னும் கூட்டினேன்.”

இளையவளுக்கு அவளைப் பார்க்கச் சந்தோஷம் வர வேண்டும். ஒன்பது வருஷமாக அவள் ஒருநாள் இப்படி உடைந்து உட்கார வேண்டும் என்று வேண்டாத தெய்வமில்லை. வரவில்லை. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

அத்தான் தட்டையாகக் கிடந்த போர்வையின் ஓரத்தை இழுத்து, இல்லாத பாதத்தை மூடுவது போலச் சரிசெய்தார். பிறகு பொண்டாட்டியைக் கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

“அவ்வளவு வெறுப்பாடி உனக்கு, இவ மேல?”

மூத்தவள் தலையை நிமிர்த்தி, கட்டிலுக்கு எதிர்ப்பக்கம் நின்ற இளையவளை ஒருமுறை பார்த்தாள்.

“ஆமாங்க,” என்றாள்.